தும்பிக்கை இல்லாத யானை: நீர்யானையும் ஆற்று விலங்குகளின் பெயர்களும்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீர்யானைக் குட்டையின் முன்னால் நின்றபோது அக்கா மகள் கேட்டாள்: "இதுக்குத் தும்பிக்கை எங்க மாமா?" இது நிஜ யானை இல்லை, சும்மா பெயர்தான் என்றேன். "அப்போ பேர் வச்சவங்களுக்கு யானை எப்படி இருக்கும்னு தெரியாதா?" என்றாள். யானையை நன்றாகத் தெரிந்த ஊர்க்காரர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள், குழப்பமே அதில்தான் என்று எட்டு வயதுக்காரியிடம் அப்போது விளக்கத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

கிரேக்கர்களிடமிருந்து தொடங்கலாம். கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை, 'பொட்டமோஸ்' என்றால் ஆறு. நைல் நதியில் பார்த்த விலங்குக்கு ஆற்றுக்குதிரை என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்தான் லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், கடைசியில் நம் வாயில் 'ஹிப்போ' என்று சுருங்கிக் கிடக்கிறது.

ஏன் குதிரை? கரையில் நிற்கும் நீர்யானையைப் பார்த்தால் யாருக்கும் குதிரை நினைவுக்கு வராது. பீப்பாய் உடம்பு, குட்டைக் கால், வழவழவென்ற தோல். ஆனால் பகல் நேரத்தில் அது ஆற்றுக்குள்தான் கிடக்கும். கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் மேல்பக்கமாகவே அமைந்திருப்பதால், உடம்பு முழுக்க மூழ்கியிருந்தாலும் அவை மட்டும் நீருக்கு மேலே தெரியும். நீண்ட முகம், விறைத்து நிற்கும் சின்னக் காது, அதை அடிக்கடி உதறும் பழக்கம், மேலே வந்ததும் 'புர்ர்' என்று மூச்சை விடும் ஓசை. படகில் போகிறவனுக்கு இவ்வளவுதான் தெரியும். இதை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் நானும் குதிரை என்றுதான் சொல்வேன்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு படி மேலே போனார். அந்த விலங்குக்கு மாட்டைப் போலப் பிளந்த குளம்பு உண்டு என்கிறார். அது பரவாயில்லை, ஏறக்குறைய சரி. அடுத்து, குதிரையின் பிடரிமயிர், குதிரையின் வால், குதிரையின் குரல் என்று அடுக்கிவிடுகிறார். நீர்யானைக்குப் பிடரிமயிரே கிடையாது. அவர் அதை நேரில் பார்த்தாரா, யாரோ சொன்னதை எழுதினாரா என்பது பழைய சர்ச்சை. எனக்குத் தோன்றுவது: பெயரில் குதிரை இருந்தது, அதனால் பிடரி தானாக முளைத்துவிட்டது. அக்கா மகள் தும்பிக்கையைத் தேடியதும் இதே கதைதான். அவள் இல்லை என்று கண்டுபிடித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் இந்தக் குதிரை உலகம் சுற்றியது. ஜெர்மானியர் 'நைல் குதிரை' என்றார்கள். அரபியில் 'ஃபரஸ் அந்நஹ்ர்', ஆற்றுக்குதிரை. இந்தியில் 'தரியாயீ கோடா', மராத்தியில் 'பாண்கோடா'. இரண்டிலும் குதிரைதான். துருக்கியரும் ஹங்கேரியரும்கூட நீர்க்குதிரை என்கிறார்கள். சீன மொழியிலும் 'ஆறு' என்ற எழுத்தையும் 'குதிரை' என்ற எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறார்கள். இத்தனை பேரும் தனித்தனியாகப் பார்த்துக் குதிரை என்று முடிவு செய்ததாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மொழிபெயர்த்துக்கொண்டதுதான்.

இந்தச் சங்கிலியில் சிக்காதவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்தில் அது 'ஜலஹஸ்தி', அதாவது நீர்யானை. தமிழிலும் நீர்யானை. ஆற்றுக்குள் தலையை மட்டும் பார்த்தவருக்குத்தான் அது குதிரை. படத்திலோ பூங்காவிலோ முழு உடம்பையும் பார்த்தவருக்கு வேறு மாதிரித் தெரியும். மயிரில்லாத சாம்பல் தோல், உரல் போன்ற கால், வாயில் தந்தம். யானை தினமும் கண்ணில் படும் நாட்டில் இதை யானை என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை. பெயர் வைத்தவர் எங்கே நின்று பார்த்தார், அவர் வீட்டுப் பக்கத்தில் என்ன விலங்கு இருந்தது, இந்த இரண்டும் தெரிந்தால் பாதிப் பெயர்களைப் புரிந்துகொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதன் பெயர் 'சீக்கூய்'. பொருள், கடற்பசு! இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரஷ்யாவில் குழந்தைகள் இதை 'பெகிமோத்' என்கிறார்கள். விவிலியத்தில் யோபுவின் புத்தகத்தில் புல் தின்னும் ஒரு மாபெரும் மிருகம் வருகிறதே, அதே பெயர். தமிழ் விவிலியத்திலும் அது 'பிகெமோத்' என்றே இருக்கிறது. தாய்லாந்தில் 2024 ஜூலையில் பிறந்து உலகத்தின் கைப்பேசிகளை எல்லாம் நிரப்பிய 'மூ டெங்' என்ற குட்டியின் பெயருக்குத் துள்ளும் பன்றியிறைச்சி என்று பொருள். அது குள்ள நீர்யானை, வேறு இனம். செல்லப்பெயர்தான் என்றாலும் கணக்கில் பன்றியும் சேர்ந்துவிட்டது.

சரி, குதிரை, யானை, பசு, பன்றி எல்லாம் வெளியூர்க்காரர்கள் சொன்னது. இந்த விலங்கோடு ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஜூலு மொழியில் 'இம்வுபு'. ஷோனாவில் 'ம்வூ'. செட்ஸ்வானாவில் 'குபு'. பம்பாரா மொழியில் 'மாலி'. சுவாஹிலியில் 'கிபோகோ'. இவற்றில் குதிரையும் இல்லை, யானையும் இல்லை. அந்த விலங்குக்கே உரிய வேர்ச்சொற்கள். நமக்கு 'யானை', 'முதலை' போல. காலம்காலமாக அதன் வழியில் குறுக்கிட்டு, அது மேய்ந்துபோன வயலைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இன்னொரு விலங்கைக் காட்டி விளக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

'கிபோகோ' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: சாட்டை. நீர்யானைத் தோலை வாராகக் கிழித்துக் காயவைத்தால் கெட்டியான சாட்டை கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட சாட்டைக்கு 'ஷாம்பாக்' என்று பெயர். அது மலாய் மொழியின் 'சம்புக்' வழியாக வந்தது, அதற்கும் மூலம் பாரசீகத்தின் 'சாபுக்'. நாம் சொல்லும் 'சவுக்கு' அதே பாரசீகச் சொல்லின் இன்னொரு பேரப்பிள்ளை. விலங்கின் பெயரைத் தேடப்போனால் இப்படி எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்.

இனி நம் ஊர் ஆற்றுக்கு வருவோம். தமிழில் 'நீர்' என்று தொடங்கும் விலங்குப் பெயர்கள் நிறைய. அவற்றில் சில நிஜம், சில உவமை. நீர்ப்பாம்பு பாம்புதான், தண்ணீரில் வாழும் பாம்பு. ஆனால் நீர்க்காகம் காகம் இல்லை. கறுப்பாக இருக்கிறது, அதனால் காகம். (ஐரோப்பாவிலும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். இந்தப் பறவையின் ஆங்கிலப் பெயரான 'கார்மோரண்ட்' என்ற சொல்லைப் பிரித்தால் லத்தீனில் கடல் காகம்.) நீர்ப்பாம்பு, நீர்க்காகம் என்ற இரண்டு பெயர்களும் ஒரே அச்சில் வார்த்தவை. பின்பாதி சொல்வது இனமா, வெறும் சாயலா என்பதைப் பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பெயரைக் கேட்டதும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளப் பழகினால் போதும், விலங்கியல் பாடத்தில் ஒரு நல்ல பகுதி முடிந்த மாதிரி.

இன்னொன்று. சில பாடப்புத்தகங்களில் 'நீரெருமை' என்று பார்த்திருக்கிறேன். நம்மிடம் எருமை என்றாலே அது குட்டையில் கிடப்பதுதானே? அமெரிக்காவின் புல்வெளியில் பைசன் என்ற வேறொரு விலங்கை எருமை என்று சொல்லிக்கொண்டவர்களுக்குத்தான் 'நீர்' என்ற அடையாளம் தேவைப்பட்டது. நமக்கு எதற்கு?

நீர்நாய் சுவாரசியமானது. வெளியூரிலிருந்து வந்த விலங்கு இல்லை, காவிரியில் இன்றும் உண்டு. சங்கப் பாட்டிலேயே பெயர் இருக்கிறது. பொய்கையில் துயிலும் புலவு நாறும் நீர்நாய் அன்றைய இரைக்கு வாளைமீனைப் பிடிக்கும் என்று ஐங்குறுநூற்றில் மருதப் பாட்டு ஒன்று தொடங்கும். மீன் தின்னும் விலங்கின் நாற்றத்தையும் விடாமல் எழுதியிருப்பதைப் பார்த்தால், பக்கத்தில் போய்ப் பார்த்தவர் என்று தெரிகிறது. அப்படிப்பட்டவர்களும் அதை நாய் என்றே சொன்னார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போதும் தனி வேர்ச்சொல்தான் வைப்பார்கள் என்று நான் மேலே சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீர்நாய் உண்மையில் நாய்க் குடும்பம் இல்லை, மரநாய் எனப்படும் மார்ட்டென், வீசல் போன்றவற்றின் குடும்பம். (அந்த மரநாயும் நாய் இல்லை, போகட்டும்.) இந்திக்காரர்கள் இதையே 'ஊத்பிலாவ்' என்கிறார்கள், பின்பாதி பூனை. இங்கே நாய், அங்கே பூனை, நடுவில் பாவம் அது மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலை விஷயத்தில் முன்னோர்கள் நம்மைவிட நுணுக்கமாக இருந்திருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் ஆழமான மடுவில் திரிபவற்றைச் சொல்லும்போது 'முதலையும் இடங்கரும் கராமும்' என்று மூன்று பெயர் வரும். உரைகாரர்கள் மூன்றையும் முதலையின் வகைகள் என்கிறார்கள். இன்று நாம் எல்லாவற்றையும் முதலை என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். வடக்கே கங்கைச் சமவெளியில் நீண்டு மெலிந்த மூக்குடைய ஒரு வகை இருக்கிறது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் குடம் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். குடத்துக்கு அங்கே 'கடா' என்று பெயர், அதிலிருந்து 'கடியால்'. உருவத்தில் ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு வைத்த பெயர். இப்படி வைத்தால் குழப்பம் குறைவு, இன்னொரு விலங்கை இழுக்க வேண்டியதில்லை.

அதே கங்கையில் ஒரு ஓங்கில் (டால்ஃபின்) வாழ்கிறது. 2009இல் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலையே இல்லாததால் பார்வை ஏறக்குறைய இல்லை. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும். கரையோர மக்கள் இதை 'சூசு', 'சூன்ஸ்' என்கிறார்கள். மூச்சுவிட மேலே வரும்போது கேட்கும் சத்தம்தான் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இதுதான். கலங்கல் ஆற்றில் அதைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம், பெயரும் அதையே சொல்கிறது.

இந்த ஓங்கிலை இங்கே கொண்டுவந்ததற்கு வேறு காரணமும் உண்டு. நீர்யானைக்கு இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் மிக நெருங்கிய சொந்தம் குதிரை இல்லை, யானை இல்லை, பன்றியும் இல்லை. திமிங்கலங்களும் ஓங்கில்களும்தான்.

நம்புவது கஷ்டம் என்று தெரியும். விஞ்ஞானிகளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நெடுங்காலம் பல்லையும் பாதத்தையும் பார்த்துப் பன்றிக்கும் நீர்யானைக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். 1990களில் மரபணுக்களை ஒப்பிட ஆரம்பித்தபோது நீர்யானை திரும்பத் திரும்பத் திமிங்கலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எலும்பு ஆராய்கிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த, கால்களோடு வாழ்ந்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகள் வெளியாயின. ஆட்டின் பின்னங்கால் கணுவில் ஒரு சின்ன எலும்பு உண்டு. மேலும் கீழும் கிணற்றுக் கப்பி போலக் குழிந்திருக்கும். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை என்று இரட்டைப்படைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய எலும்பு அது. அந்த ஆதித் திமிங்கலங்களுக்கும் அதே இரட்டைக் கப்பி இருந்தது. அத்தோடு வழக்கு ஏறக்குறைய முடிந்தது. நீர்யானைக்கும் திமிங்கலத்துக்கும் பொதுவான மூதாதை சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்கிறார்கள். திமிங்கல வழி கடலுக்குப் போனது, மற்றது ஆற்றோடு நின்றது.

ஆக, நீர்யானை மாட்டோடு ஒரே பெரிய குடும்பத்தில் வருகிறது. யானை அந்தக் குடும்பத்திலேயே இல்லை. இதை ஒரு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கையில் நம் பாக் நீரிணைக் கடற்பசுவை எடுத்துக்கொள்வோம். கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பாலூட்டி. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இதற்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. மேய்வதால் பசு என்ற பெயர் வந்தது. ஆனால் பசுவுக்கும் அதற்கும் எந்த நெருங்கிய உறவும் இல்லை. நிலத்தில் வாழும் விலங்குகளில் அதன் நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? யானை! மரபணுவும் அதைத்தான் சொல்கிறது, உடம்பிலும் அடையாளம் இருக்கிறது. பசுவுக்கு மடி பின்னங்கால்களுக்கு நடுவில். யானைக்கு முலைகள் முன்னங்கால்களுக்கு நடுவில், மார்பில். கடற்பசுவுக்கும் மார்பில்தான், முன்துடுப்புகளின் அருகில்.

அதாவது நீர்யானை மாட்டுக்குச் சொந்தம், கடற்பசு யானைக்குச் சொந்தம். இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் விலங்கியல்படி சரியாக இருந்திருக்கும். ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் நீர்யானையைக் கடற்பசு என்றார்களே, தெரியாமல் சொல்லியும் நம்மைவிடக் கிட்டே போயிருக்கிறார்கள். பாக் நீரிணை மீனவர்களிடம் கடற்பசுவுக்கு 'ஆவுளியா' என்று இன்னொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டால் இந்தத் தகராறே வராது.

நீர்யானையின் முன்பாதிப் பெயரும் முழு உண்மை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 'நீர்' என்றதும் நீந்தும், மீன் தின்னும் என்று நினைக்கிறோம். ஒன்றரை டன் எடை, பெரிய ஆண் மூன்று டன்னைத் தொடும். மிதக்க முடியாது. ஆற்றின் அடித்தரையில் கால் ஊன்றி நடக்கும், உந்திக் குதித்து நகரும். ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கும். சாப்பாடு முழுக்கக் கரையில்தான். இருட்டியதும் ஏறிப்போய் ஓர் இரவில் சுமார் 40 கிலோ புல் மேயும். பகலில் தண்ணீரில் கிடப்பது வெயிலுக்குப் பயந்து, தோல் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். தோலில் செந்நிறமாக ஒரு திரவம் கசியும். பழங்காலத்தில் ரத்தம் வியர்க்கிறது என்றார்கள். ரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. வெயிலையும் கிருமியையும் தடுக்கும் நிறமிகள் அதில் இருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள்.

இத்தனை குழப்பத்துக்கும் மருந்தாகத்தான் அறிவியல் பெயர் வந்தது. 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் நீர்யானைக்கு வைத்தது 'ஹிப்போபொட்டாமஸ் ஆம்ஃபிபியஸ்'. பிரித்தால், இரு வாழ்வு வாழும் ஆற்றுக்குதிரை. மருந்திலேயே குதிரை இருக்கிறது! மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் குள்ள நீர்யானையின் பேரினப் பெயர் 'கோயிராப்சிஸ்', அதாவது பன்றிச் சாயல். அறிவியல் பெயர் உண்மையைச் சொல்லும் பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது ரேஷன் கார்டு எண் மாதிரி. ஓர் இனத்துக்கு ஒன்று, எந்த நாட்டில் சொன்னாலும் அதே இனம், அவ்வளவுதான் அதன் வேலை. கேப் டவுனில் ஒருவர் 'கடற்பசு' என்றும், மல்லிப்பட்டினத்தில் ஒருவர் 'கடற்பசு' என்றும் சொன்னால் இருவரும் வேறு வேறு விலங்கைச் சொல்கிறார்கள் என்று பிடித்துக்கொடுக்கும்.

அதனால் நீர்யானை என்ற பெயரை மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. இந்தியாவிலும் ஒரு காலத்தில் நீர்யானைகள் இருந்தன. சிவாலிக் மலையடிவாரத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளிலும் கிடைத்தன. ஆனால் தமிழில் எழுத ஆரம்பிப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவை அழிந்துவிட்டன. நமக்கென்று வேர்ச்சொல் மிச்சமில்லை. கிடைத்தது யானைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் சுருக்கி அக்கா மகளிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ கடற்பசுவுக்குத் தும்பிக்கை இருக்கா?" என்றாள். இல்லை. கீழ்நோக்கி மடங்கிய தடித்த மேலுதடு இருக்கிறது, அதை வைத்துக் கடற்புல்லை வேரோடு பிடுங்கும். ஆனால் வளர்ந்த ஆண் கடற்பசுவின் வாயில் இரண்டு சின்னத் தந்தங்கள் எட்டிப் பார்க்கும். யானையின் தந்தம் போலவே அவையும் மேல்தாடையின் வெட்டுப்பற்கள். நீர்யானை வாயைப் பிளக்கும்போது கீழிருந்து வளைந்து நிற்கிறதே பெரிய தந்தம், அது கோரைப்பல்.